தவற்றைப் பொறுக்கும் பொறி



முதன்முதலாகக் கணிப்பொறி வாங்க விழையும் இளைஞர் பலர், "ஐயா, எந்தப் பொறி எளியது? எந்த இயங்குதளம் பழகுவதற்கு ஏற்றது?" என்று என்னை வினவுவதுண்டு. இது புதிய வினா அன்று; நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வருவது. விடைகாண முயன்றவர் சிலரின் வரலாற்றை இன்று கூறுகின்றேன்.

1981ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் பொறியை வெளியிட்டது. பொதுமக்களுக்குக் கணிப்பொறியறிவு புகட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிட்ட பி.பி.சி., நேயர்கள் வீட்டிலேயே பழகத்தக்க பொறியொன்றை நாடிற்று. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் முதலிய இளம் பொறியியலாளர் ஒரு வாரத்துக்குள் மாதிரிப் பொறியை இயக்கிக் காட்டி அவ்வாய்ப்பைப் பெற்றனர். சுமார் 12,000 விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பொறி, 15 லட்சம் அளவுக்கு விற்றது.

அதன் இயங்குதளமும் பேசிக் என்னும் நிரல்மொழியும் அழிக்கவொண்ணாச் சில்லுகளில் பதிக்கப்பெற்றிருந்தன. மாணவன் எவ்விசையைத் தட்டினும் அவை கெடா. பொருளற்ற சொல்லைத் தட்டினால், 'மிஸ்டேக்' என்னும் ஒரே சொல்லைத் திரையில் காட்டிவிட்டு, அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களாகிய எங்களுள் எத்துணைப் பேருக்கு அப்பொறுமை இருந்தது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1984ஆம் ஆண்டில் நம் மைய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளில் இப்பொறிகளை அமைத்தது. அவ்வாறு பெற்ற பள்ளி ஒன்றில் நான் அப்போது இளம் ஆசிரியன். விலையுயர்ந்த பொருள் பழுதாகிவிடுமே என்ற அச்சத்தால் அறை பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்ற மாணவர்கள், கைகட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்புவர். கைபடாமல் கற்பதற்கு அது என்ன கோயில் விக்கிரகமா?

ஒருநாள், வேண்டி இசைவு பெற்று, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அமரச் செய்தேன். அரைமணி நேரம் உழைத்து வாய்பாட்டு நிரல் ஒன்றை எழுதினாள். முடியும் தறுவாயில் 'பிரேக்' விசையில் விரல் பட்டுவிட்டது. திரை வெறுமையாயிற்று. "கெடுத்துவிட்டேன், சார்!" என்று எழுந்து நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. நான் 'ஓல்ட்' என்னும் கட்டளையைத் தட்டச் சொன்னேன். இடையில் வேறு வரி எதுவும் சேர்க்காதிருந்தால், மறைந்த நிரலை அக்கட்டளை மீட்டுத் தரும். நிரலைப் பட்டியலிட்டாள், எல்லா வரிகளும் இருந்தன. பிறகு அவளே வேண்டுமென்று 'பிரேக்' விசையை நான்கைந்து முறை அழுத்தி, மீட்டு மீட்டுப் பார்த்தாள். அதன்பின் பூட்டிய அறைக்கு வெளியே சாவிக்காக நாள்தோறும் நின்றவள் அவள்தான்.

அதே 1984ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் பொறியை வெளியிட்டது. கட்டளைகளை மனப்பாடம் செய்யாமல், படங்களைச் சுட்டெலியால் தொட்டு வேலை செய்யலாம். இம்முறைக்கு வித்திட்டது 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஆல்ட்டோ. மெக்கின்டாஷின் புகழுக்குப் படங்களே காரணம் என்பர். நான் பெரிதாக மதிப்பது வேறு: செய்ததை மாற்றும் 'அன்டூ' கட்டளை ஒன்று, வீசியதைக் கூடை காலியாகுமுன் எடுத்துக்கொள்ள இடந்தந்த குப்பைக்கூடை மற்றொன்று.

பின்னர் நம் பள்ளிகளுக்கு வந்த டாஸ் அத்துணை இரக்கமுடையதன்று. அழித்த கோப்பை மீட்கும் கட்டளை அதனுடன் சேர்ந்து வந்தது 1991இல், ஐந்தாம் பதிப்பில்தான். விண்டோஸில் மீள்கூடை வந்தது 1995இல்.

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று, அதே கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை வெளிவந்தது. விலை 35 டாலர். இயங்குதளம் சிறு அட்டை ஒன்றில் இருக்கும். கெட்டுவிட்டால் அட்டையில் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். அதன் செயலியின் அமைப்பு, வில்சனும் ஃபர்பரும் ஏக்கார்னில் வகுத்ததன் வழிவந்ததே.

அண்மையில் கல்லூரி மாணவன் ஒருவன் அதே வினாவுடன் வந்தான். "அழித்ததை மீட்க முடியுமா, முதல்நாள் நிலைக்கு நானே திருப்ப முடியுமா என்று கடைக்காரரிடம் கேள்" என்றேன். கேட்டுவிட்டு வந்தான், கடைக்காரர் நிறத்தையும் தவணையையும் பற்றியே பேசினாராம். அவன் தமக்கைக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தது. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே அம்மடிக்கணினியை இயக்கினோம். உள்ளிருக்கும் வட்டைத் தொடாமலே இவ்வாறு இயக்கலாம். அன்று மாலை முழுவதும் கண்டதையெல்லாம் திறந்தான், மாற்றினான், குலைத்தான். பிறகு அணைத்துப் பென்டிரைவை உருவினான். பழைய திரை பழையபடியே வந்தது. சற்றுநேரம் அதைப் பார்த்திருந்துவிட்டு, மீண்டும் செருகினான்.