வீட்டறைக்குள் வந்த ஒலிப்பதிவுக் கூடம்: கடன் வாங்கிய கருவிகளின் வரலாறு

முன்னுரை

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கும் ஒருவர் இன்று வாங்கும் பொருள்கள் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒலிப்பதிவு மென்பொருள், காதை மூடும் ஹெட்போன், ஒரு சிறிய மிடி கீபோர்டு. கடையில் ஒரே பெட்டியாகக் கிடைத்தாலும் இவை ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு பத்தாண்டில், வெவ்வேறு நெருக்கடிக்கு விடையாக வந்தது.

தொழில்முறைக் கூடங்களின் கருவிகள் விலை குறைந்து, உருவம் சிறுத்து வீட்டுக்குள் நுழைந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை. வீட்டு ஒலிப்பதிவின் வரலாற்றைக் கட்டம் கட்டமாகப் பார்த்தால் வேறொரு போக்கும் தெரிகிறது. வேறு ஏதோ ஒரு தேவைக்காகப் பெருமளவில் உற்பத்தியான பொருளை இசைக்காரர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட போதெல்லாம்தான் வீட்டு ஒலிப்பதிவு முன்னேறியிருக்கிறது. இந்தக் கருத்தை 1940களின் இறுதியிலிருந்து 2020 வரையிலான சான்றுகளால் நிறுவுவதும், அப்படிக் கடன் வாங்க முடியாதவை எவை என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. லெஸ் பாலின் கராஜ்

வீட்டில் அடுக்கடுக்காகப் பதிவு செய்வதற்கு முன்னோடி அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால். 1948இல் வெளிவந்த அவரது ‘லவ்வர்’ என்ற இசைத்தட்டில் கேட்கும் கிட்டார்கள் அனைத்தையும் அவர் ஒருவரே வாசித்தார். அதைப் பதிந்த இடம் ஹாலிவுட்டில் அவர் வீட்டுக் கராஜ். அப்போது அவரிடம் ஒலிநாடா இல்லை. ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, கூடவே புதிதாக வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் வெட்டினார். தட்டு வெட்டும் எந்திரம் சீராகச் சுழல்வதற்கு அவர் பயன்படுத்தியது காடிலாக் காரின் ஃபிளைவீல். கடன் வாங்கும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

காந்த ஒலிநாடா ஜெர்மனியிலிருந்து வந்தது. ஏ.ஈ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டோஃபோன்’ கருவியைக் காட்டியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் படையைச் சேர்ந்த ஜாக் மல்லின் அத்தகைய இரு கருவிகளைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து, 1946இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சிக்கு அது பயன்பட்டது. ஆம்பெக்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலேயே நாடாக் கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1949இல் கிராஸ்பி கொடுத்த ஆம்பெக்ஸ் கருவியில் லெஸ் பால் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி, பழைய ஒலியின்மேல் புதிய ஒலியைச் சேர்த்துப் பதிந்தார். பாடகி மேரி ஃபோர்டோடு அவர் இப்படி உருவாக்கிய ‘ஹவ் ஹை தி மூன்’ 1951இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இம்முறையில் ஒரு கடுமையான குறை இருந்தது. ஒவ்வோர் அடுக்கும் முந்தையதை அழித்துத்தான் பதிவானது. பத்தாவது அடுக்கில் பிசகினால் முதல் அடுக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தடம் வேண்டும் என்ற தேவை இதிலிருந்தே எழுந்தது. ஆம்பெக்ஸ் 1957இல் அவருக்கு எட்டுத் தடக் கருவியைச் செய்து கொடுத்தது. ஆனால் அதன் விலை சாதாரண இசைக்காரருக்கு எட்டாதது.

2. கேசட்டும் நான்கு தடங்களும்

அந்த இடைவெளியை நிரப்பியது கேசட். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கேசட், குறிப்புகளைப் பேசிப் பதியவும் எளிதாகக் கையில் எடுத்துச் செல்லவும் ஏற்றதாக வடிவமைக்கப்பட்டது. உயர்தர இசைக்கு அது ஏற்றது என்று தொடக்கத்தில் பெரும்பாலோர் கருதவில்லை. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ.

ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு தடங்கள் உண்டு. ஜப்பானின் டீயாக் நிறுவனம் 1979இல் வெளியிட்ட ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ இந்த நான்கையும் ஒரே திசையில் ஓடும் தனித்தனித் தடங்களாக மாற்றியது. நாடாவின் வேகத்தை இரு மடங்காக்கித் தரத்தைக் கூட்டியது. மிக்சரையும் அதே பெட்டிக்குள் வைத்தது. இதற்காக ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது: கேசட்டைத் திருப்பிப் போட முடியாது, 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடமே பதியலாம். நான்குக்கு மேல் தடம் வேண்டுமென்றால், மூன்றைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, காலியான மூன்றையும் மறுபடி பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை இப்படி ஏற்றும்போதும் இரைச்சல் கூடும்.

இக்கருவியின் மதிப்பை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். நியூ ஜெர்சி மாநிலத்தின் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில், தாம் வாடகைக்கு இருந்த வீட்டில், 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தையொட்டி, போர்ட்டாஸ்டுடியோ 144இலும் ஷூர் எஸ்எம்57 மைக்குகளிலும் சில பாடல்களைப் பதிந்தார். குழுவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கான மாதிரிப் பதிவு என்பதே அப்போதைய எண்ணம். பெரிய கூடத்தில் முழுக் குழுவோடு மறுபடி முயன்றபோது அந்த உணர்வு வாய்க்கவில்லை. முடிவில் கேசட்டில் இருந்ததே அதே ஆண்டு ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளிவந்தது. மெல்லிய ஒலியும் இரைச்சலும் கலந்த அந்தக் கேசட்டை இசைத்தட்டாக மாற்றப் பொறியாளர்கள் வெகுவாகப் பாடுபட்டனர். வீட்டுப் பதிவும் விற்பனைக்குரிய படைப்பாகலாம் என்பதற்கு அந்த ஆல்பம் நிலையான சான்று.

3. மிடி: ஒலியைப் பதியாத பதிவு

1980களின் தொடக்கத்தில் சின்தசைசர்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செய்தது. ஒன்றை மற்றொன்றோடு இணைக்க முடியாது. சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னெடுத்த பொது ஏற்பாடுதான் மிடி. 1983 ஜனவரியில் இரு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலிப்பதை அமெரிக்க இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் காட்டினர். அதே ஆண்டு விதிமுறை வெளியானது.

இங்கும் பாகங்கள் பிற இடங்களிலிருந்தே வந்தன. ஐந்து ஊசிப் பிளக் ஐரோப்பிய வீட்டு ஆடியோ கருவிகளில் ஏற்கெனவே புழங்கியது. நொடிக்கு 31,250 பிட் என்ற வேகம், மலிவாகக் கிடைத்த 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 32ஆல் வகுத்துப் பெற்ற எண்.

மிடி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற கட்டளையை மட்டும் கடத்துகிறது. சுரக் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகத்துக்கும் கச்சேரியின் ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு இது. அக்காலக் கணினிகளுக்கு இந்த வேறுபாடு பேருதவி. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டும். அன்றைய 720 கிலோபைட் ஃபிளாப்பிகளில் சுமார் 15. ஒரு முழுப் பாட்டின் மிடிக் குறிப்போ ஒரே ஃபிளாப்பியின் மூலையில் அடங்கிவிடும்.

1985இல் வந்த அட்டாரி எஸ்டி என்ற வீட்டுக் கணினியில் மிடி இணைப்புகள் உடன்பிறந்தே வந்தன. ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் அக்கணினிக்கு வெளியிட்ட ‘கியூபேஸ்’, இசையை இடமிருந்து வலமாக நகரும் பட்டைகளாகத் திரையில் காட்டியது. இன்றைய ஒலிப்பதிவு மென்பொருள்கள் பெரும்பாலும் அதே தோற்றத்தைத்தான் கொண்டிருக்கின்றன.

4. கோடம்பாக்கத்தில் ஒரு வீட்டுக் கூடம்

இக்காலகட்டத்தின் தமிழ்ச் சான்று இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான். கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி 1989இல் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தை நிறுவினார். இசைக்குழு முழுவதும் கூடியமர்ந்து, எடுத்துக்கொண்ட கால்ஷீட்டுக்குள் வாசித்து முடிக்கும் முறையே அன்றைய திரையிசையில் மேலோங்கியிருந்தது. கூடம் சொந்தமானதால் மணிக்கணக்கு வாடகை ரகுமானுக்கு இல்லை. கணினியில் தாளத்தையும் சின்தசைசர் ஒலிகளையும் அமைத்து, குரலையும் பிற கருவிகளையும் வேறு வேறு நேரத்தில் தனித்தனியே பதிந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்க முடிந்தது. அவர் இப்படி இசையமைத்து 1992இல் வெளியான ‘ரோஜா’ படம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

பஞ்சதன் தொடக்கநிலையாளரின் கூடம் அல்ல. விளம்பர இசையில் பழுத்த ஒருவர் தொழில்முறைக் கருவிகளோடு அமைத்தது. ஆயினும் வீட்டுக் கூடத்தின் முதன்மையான ஆதாயம் எது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது: விலை மலிவைவிட, கடிகாரத்தைப் பார்க்காமல் திருத்தித் திருத்திச் செய்யும் வாய்ப்பே பெரிது.

5. வீடியோ நாடாவிலிருந்து கணினிக்கு

அடுத்த கடன் வீடியோவிடமிருந்து. அலெசிஸ் நிறுவனம் 1991இல் அறிவித்து அடுத்த ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த ‘அடாட்’, எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு டிஜிட்டல் தடங்களைப் பதிந்தது. 16 கருவிகளை இணைத்தால் 128 தடங்கள். விலை 3,995 டாலர். அதுவரை டிஜிட்டல் பல்தடக் கருவிக்குக் கொடுக்கப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பாடகி அலானிஸ் மாரிசெட்டின் ‘ஜாகெட் லிட்டில் பில்’ (1995) ஆல்பம் தயாரிப்பாளர் கிளென் பல்லார்டின் வீட்டுக் கூடத்தில் அடாட் கருவிகளில் பதிவானது.

இதே வேளையில் டிஜிடிசைன் நிறுவனத்தின் ‘புரோ டூல்ஸ்’ 1991இல் நான்கு தடங்களோடு வந்தது. ஒலியைக் கையாள அதற்குச் சிறப்பு அட்டைகள் தேவைப்பட்டன. அவற்றின் விலை வீட்டுக்காரர்களைத் தள்ளியே வைத்தது. இத்தடையை உடைத்தது ஸ்டைன்பெர்க் 1996இல் வெளியிட்ட ‘கியூபேஸ் விஎஸ்டி’. எதிரொலி, சமன் செய்தல் போன்ற வேலைகளைச் சிறப்பு அட்டை ஏதுமின்றிக் கணினியின் சொந்தச் செயலியே செய்தது. எழுத்துவேலைக்கும் விளையாட்டுக்கும் என்று ஆண்டுதோறும் வேகம் கூடிவந்த செயலியை இசை இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டது. விஎஸ்டி விதிமுறையைப் பிறருக்கும் ஸ்டைன்பெர்க் திறந்துவிட்டதால், யார் எழுதிய பிளக்-இன் எனும் துணை நிரலையும் அதனுள் சொருகலாம் என்றானது. 1999இல் இசைக்கருவிகளும் பிளக்-இன்களாயின.

பிறகு மென்பொருளின் விலையும் சரிந்தது. டொமினிக் மசோனியும் ரோஜர் டேனன்பர்கும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘அடாசிட்டி’ 2000இல் இலவசமாக வெளியானது. ஆப்பிள் 2004இல் ‘காரேஜ்பேண்ட்’ மென்பொருளைப் புதிய மேக் கணினிகளோடு சேர்த்தே தந்தது. குறைந்த விலை ‘ரீப்பர்’ அதற்கடுத்த ஆண்டுகளில் வந்தது.

6. கடைசி இணைப்பு: இன்டர்ஃபேஸ்

கணினியின் சொந்த மைக் துளை பேச்சுக்குப் போதும், பாட்டுக்குப் போதாது. மேலும், பாடியது கணினிக்குள் போய்த் திரும்பி ஹெட்போனில் கேட்கும்வரை ஆகும் தாமதம் பாடகரைத் தடுமாற வைக்கும். சிடி தரத்தில் 1,024 ஒலி மாதிரிகளைச் சேர்த்து அனுப்பினால் ஒரு வழிக்கே சுமார் 23 மில்லிநொடி தாமதம். 128 என்று குறைத்தால் 3 மில்லிநொடிக்குள். ஸ்டைன்பெர்க்கின் ‘ஏசியோ’ முறை இத்தாமதத்தைக் குறைத்தது. கீபோர்டு, மவுஸ், பிரின்டர் முதலியவற்றுக்காக 1996இல் வந்த யுஎஸ்பி, ஆடியோவுக்கும் பாதையானது. ஃபோக்கஸ்ரைட்டின் ‘ஸ்கார்லெட் 2ஐ2’ (2011) போன்ற சிறு பெட்டிகள் ஒரே வயரில் மின்சாரத்தையும் பெற்று, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் தந்தன.

பழையதும் புதியதும் கலந்தே புழங்கின என்பதையும் குறிப்பிட வேண்டும். லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மீண்டும் லண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் தம் முதல் மாதிரிப் பதிவைச் செய்தது ரோலண்ட் எம்சி-505 தாளக் கருவியிலும் பழைய நான்கு தட நாடாக் கருவியிலும்தான். அதன் தொடர்ச்சி ‘அருளர்’ (2005) ஆல்பம். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பமோ பெரும்பாலும் அண்ணன் ஃபின்னியஸின் படுக்கையறையில் கணினியிலேயே பதிவாகி, 2020 ஜனவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியைப் பெற்றது.

7. கடன் வாங்க முடியாதவை

இரண்டு பொருள்களை வேறெந்தத் தொழிலும் மலிவாக்கித் தரவில்லை. முதலாவது அறை. வெறும் சுவர், டைல்ஸ் தரை, மேலே சுழலும் மின்விசிறி, தெருவின் ஹாரன் இவை எல்லாம் மைக்கில் ஏறும். அறையின் எதிரொலி குரலோடு கலந்துவிட்டால் எந்தப் பிளக்-இன்னாலும் அதை முழுதாகப் பிரிக்க இயலாது. துணி நிறைந்த அலமாரி, மெத்தை, கனத்த திரை, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் ஆகியவை விலையுயர்ந்த மைக்கைவிட அதிகப் பயன் தரும். பக்குவப்படுத்தாத அறையில் நுண்ணிய கண்டென்சரைவிட, எதிரில் உள்ளதையே முதன்மையாகப் பிடிக்கும் எஸ்எம்57 வகை டைனமிக் மைக் பொருத்தமாவதும் இதனால்தான்.

இரண்டாவது, நம் இசைக்கேற்ற இயல்பமைப்பு. கருவிகள் பிறந்த இடத்தின் வழக்கம் அவற்றுக்குள் தங்கியிருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்கள் நிமிடத்துக்கு 120 அடி, சுற்றுக்கு நான்கு அடி என்ற கணக்கோடுதான் திறக்கின்றன. இரு மைக் இன்டர்ஃபேஸ் பாடகரும் கிட்டாரும் என்ற இணையை எண்ணிச் செய்தது. இரு முகம் கொண்ட மிருதங்கம் மட்டுமே அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளும். குரல், வயலின், மிருதங்கத்தை ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் பதிய நான்கு வழிகள் வேண்டும். மிடியில் சுரத்தை வளைக்கும் கட்டளை ஒரு சேனல் முழுமைக்கும் பொதுவானது என்பதால், ஒரு சுரத்துக்குக் கமகம் கொடுத்தால் அதோடு ஒலிக்கும் மற்ற சுரங்களும் வளையும். தனிச் சுர வளைவுக்கான ‘எம்பிஇ’ விரிவு 2018இல்தான் ஏற்கப்பட்டது.

முடிவுரை

காரின் ஃபிளைவீல், குறிப்பெடுக்கும் கேசட், வீடியோ நாடா, வீட்டுக் கணினி, பிரின்டர் வயர் என்று வீட்டு ஒலிப்பதிவு பிறர் பொருளைக் கொண்டே வளர்ந்தது. இதனால் விலை இறங்கியது. நிலையின்மையும் உடன் வந்தது. மூலப்பொருள் வழக்கொழியும்போது அதில் உள்ள இசையும் சிக்கிக்கொள்கிறது. போர்ட்டாஸ்டுடியோ கேசட்டைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் முறையாகக் கேட்க முடியாது. அடாட் கருவிகள் உற்பத்தியில் இல்லை. ஆப்பிள் 2019இல் 32 பிட் நிரல்களைக் கைவிட்டபோது புதிய பதிப்புக்கு மாறிய மேக் கணினிகளில் பல பழைய பிளக்-இன்கள் ஊமையாயின.

ஆகவே புதிதாகத் தொடங்குவோர் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். கையிருப்பை முதலில் அறைக்கும் மைக் வைக்கும் முறைக்கும் செலவிடுங்கள். மென்பொருள் இலவசமானதே போதும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எல்லாத் தடங்களையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே டபிள்யூஏவி கோப்புகளாகத் தனித்தனியே எடுத்து, வேகத்தையும் சுருதியையும் குறித்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இன்றைய மென்பொருள் நாளை திறக்காமல் போனாலும் அந்தக் கோப்புகள் திறக்கும்.