‘அட்ஜுடிகேட்’ என்றால் என்ன?

நீதிமன்றத்தில் அடிபடும் ‘அட்ஜுடிகேட்’ என்ற சொல் லத்தீன் வழி வந்தது. ‘யூஸ்’ சட்டம், ‘டிகெரே’ சொல்லுதல். இரண்டும் சேர்ந்த ‘யூடெக்ஸ்’ நீதிபதி. அவர் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்வதே இந்த வினை. தமிழில் தீர்ப்பளித்தல். கடன் தீர்ந்தது, நோய் தீர்ந்தது என்கிறோமே, அந்தத் ‘தீர்’தான் தீர்ப்புக்கும் வேர்.

சமரசம் வேறு. மலேசியாவில் நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் செய்யலாம். அங்குள்ள அதிகாரி இணக்கம் பேசுவார், தீர்ப்பளிக்க மாட்டார். முதலாளி தர முன்வரும் தொகையைத் தொழிலாளி மறுக்கலாம். ஏற்றுக் கையெழுத்திட்டால் விவகாரம் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும். இணக்கம் ஏற்படாவிட்டால், 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழில்துறை நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். அதற்கு முன் அமைச்சர்தான் அதை முடிவு செய்தார்.