தலைக்கு மேலே ஒரு பரண்

பரண் என்றதும் நம்மில் பலருக்கு உடைந்த நாற்காலியும் பழைய பஞ்சாங்கமும்தான் ஞாபகம் வரும். வீட்டில் வேண்டாதவற்றை ஏற்றி வைக்கும் இடம் என்று அதன் கௌரவத்தை நாமே குறைத்துவிட்டோம். போடிநாயக்கனூருக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும் ஏலமலைச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்லின் பழைய பொருள் எனக்கு நினைவு வரும். குறிஞ்சி நிலத்தில் பரண் கட்டியது, இரவெல்லாம் விழித்திருக்க வேண்டிய மனிதனுக்காக.

குறிஞ்சிப்பாட்டில் அதற்கு இதணம் என்று பெயர். தினைப்புனம் காப்பவன் புலி எட்டாத உயரத்தில், மரத்தின்மேல் அதைக் கட்டிக்கொண்டான். காவலுக்கு இருவர் இருந்தால், ஒருவர் விழித்திருக்க மற்றவர் சற்றே கண்ணயரலாம்.

அந்தப் பரண் இப்போது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது தெரியுமா? பெரிய ஆகாய விமானங்களின் கூரைக்குள்! அது அங்கே ஏறிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

முன்னாளில் களைப்பாறும் இடம் சாலையிலேயே இருந்தது. தலைச்சுமைக்காரனுக்குச் சுமைதாங்கிக் கல், வண்டிக்காரனுக்குச் சாவடி. மூணாறுப் பக்கத்துத் தேயிலை 1908 முதல் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. கம்பியில் தொங்கிய தேயிலைப் பெட்டிக்குத் தூக்கம் தேவையில்லை. அடிவாரத்தில் அதை வாங்கி ஓட்டி வந்த வண்டிக்காரனுக்குத் தேவை.

ஆகாய மார்க்கத்திலும் ஆரம்பத்தில் இப்படித்தான். 1948 ஜூன் 8-ஆம் தேதி ‘மலபார் பிரின்சஸ்’ என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. இடையில் இறங்கும் ஊர்களே அதற்குச் சாவடிகள். களைத்தவர்கள் இறங்கிக்கொள்ளலாம், புதியவர்கள் ஏறிக்கொள்ளலாம்.

விமானம் பெருக்கப் பெருக்கச் சாவடிகள் குறைந்தன. 1970 ஜனவரியில் போயிங் 747 பிரயாணிகளுடன் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. 1989-இல் அதன் தம்பியான 747-400 வந்தது. பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் எங்கும் இறங்காமல் பறக்கும் காலம் பிறந்தது. சாவடியில் நிற்காத வண்டி, சாவடியையே தன்னோடு தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அதை எங்கே வைப்பது? கீழே வைத்தால் டிக்கெட் விற்கும் ஆசனங்கள் போய்விடும். ஆனால் விமானத்தின் உடலோ உருளை. பிரயாணிகளின் தலைக்கு மேலுள்ள உட்கூரைக்கும் வெளி ஓட்டின் வளைவுக்கும் நடுவே வெற்றிடம் கிடந்தது. 747-400 விமானத்தின் வால்பக்கத்தில் அந்த இடத்தில் சிப்பந்திகளுக்குப் படுக்கைகள் போட்டார்கள். பின்னால் வந்த 777, 787 விமானங்களிலும் கூரைப் பரண் உண்டு. ஏர்பஸ் விமானங்கள் சிலவற்றில் மட்டும் ஓய்வறை கீழே, சரக்குத் தளத்தில் இருக்கிறது.

வெளியே பார்த்தால் ஏதோ அலமாரிக் கதவு என்று நினைப்போம். திறந்தால் செங்குத்தான குறுகிய படி. மேலே நிமிர்ந்து நிற்பது கஷ்டம். படுக்கை, திரை, சிறு விளக்கு, படுத்திருக்கும்போதும் கட்டிக்கொள்ள இடுப்பு வார், புகை கண்டால் அலறும் கருவி, பிராணவாயு முகமூடி, படி அடைபட்டால் தப்பி இறங்க வேறொரு திறப்பு. விமானம் கிளம்பும்போதும் தரை இறங்கும்போதும் யாரும் அங்கே இருக்கக்கூடாது.

இதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். உறக்கமில்லாத கண் ஆபத்தானது என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் இது. 2014-இல் அமலுக்கு வந்த அமெரிக்க விதிகள் விமானிகளின் ஓய்விடங்களை மூன்று வகுப்பாகப் பிரித்தன. நன்றாகப் படுத்து, வெளிச்சமும் சத்தமும் அடங்கி உறங்கக்கூடிய தனியிடம் முதல் வகுப்பு. ஓய்விடம் எவ்வளவு நல்லதோ, அதற்குத் தக்கபடி பணிநேரமும் நீளலாம். தூக்கத்தைச் சட்டம் தராசில் வைத்து நிறுத்துவிட்டது.

இனி ஏலமலைக்கு வருவோம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்றன. மாலையில் அவர்களை இறக்கிக்கொண்டு வருகின்றன. 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. இரவில் தங்க நேரும் இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றும் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் ஐந்து பேராவது வேலை பார்க்கும் ஸ்தாபனங்களுக்கே அதை விதித்தார்கள். சொந்தமாக ஒற்றை ஜீப் வைத்து ஓட்டுகிறவன் அதன் கண்ணில் படவில்லை.

முந்நூறு பேரைச் சுமக்கும் விமானிக்கு வேண்டிய தூக்கம், பத்துப் பேரோடு பள்ளத்தின் விளிம்பில் திரும்புகிறவனுக்கும் வேண்டும். அவனுக்குப் படுக்கை எங்கே, ஓய்வு எந்த நேரத்தில் என்று யார் கேட்கிறார்கள்? தினைக் கதிரைக் காத்தவனுக்கே பரண் இருந்த மலைநாடு இது. மனிதரைச் சுமந்து செல்கிறவனுக்கு இன்னும் ஒன்று கட்டப்படவில்லை.