மாகஸ்தோட்டை மலைப்பாதையும் ஒரு கோல்ட் ஸ்டாரும்

சித்திரை பிறந்து நுவரெலியாவில் 'சீசன்' தொடங்கிவிட்டால், மலர்க் கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நடுவே ஒரு நாள் தேயிலை மலைகளுக்குள்ளிருந்து எஞ்சின்களின் உறுமல் கேட்கும். மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி அது. 1934ஆம் ஆண்டு ஆரம்பமான இப்போட்டி, இடையிடையே தடைப்பட்டபோதிலும், இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது. இலங்கையின் மோட்டார் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

இது வாகனங்கள் முட்டிமோதிக்கொண்டு ஓடும் பந்தயமன்று. ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே புறப்பட்டு மேலேறவேண்டும். எதிரி கடிகாரம் மட்டுமே. பாதையும் பந்தயத்துக்கென்று அமைக்கப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பண்ணை நடத்திய நிலம் அது. பின்னாளில் தேயிலைத் தோட்டமாயிற்று. கொழுந்தையும் ஆட்களையும் ஏற்றியிறக்கத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டிய தோட்டத்துப் பாதைகளின் வளைவுகள், மலை எந்த இடத்தில் இடம் கொடுத்ததோ அந்த இடத்தில் விழுந்தவை. பந்தயக்காரர்கள் அவற்றைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

நான் சொல்லவந்த மோட்டார் சைக்கிளை முதன்முதலில் கண்டது நுவரெலியாவில் அல்ல, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஆண்டு 1992. அரசாங்கத்தின் வசமிருந்த பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை. அதுபற்றி எழுதச் சென்ற என்னை, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பங்களாவின் பின்புறக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். எலி கடித்த இருக்கை, காற்றில்லாத டயர்கள். பெற்றோல் தாங்கியில் மட்டும் நட்சத்திரச் சின்னம் மங்காமல் இருந்தது.

பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார். இப்பெயருக்கு ஒரு கதை உண்டு. 1937 ஜூன் 30ஆம் திகதி, இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் வோல் ஹான்ட்லி என்ற வீரர் பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் ஒன்றில் மணிக்கு 107.57 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அங்கு பந்தயத்தில் நூறு மைல் வேகத்தைக் கடந்து சுற்றுவோருக்குச் சிறியதொரு தங்க நட்சத்திரச் சின்னம் அணிவிப்பது வழக்கம். அடுத்த ஆண்டு கம்பெனி தனது புதிய வாகனத்துக்கு அந்தப் பெயரையே சூட்டிவிட்டது.

யுத்தத்தின் பின்னர் மான் தீவில் 'கிளப்மன்ஸ்' பந்தயம் நடந்தது. விற்பனைக்கு வரும் வாகனங்களுக்கே அதில் இடம்; குறைந்தது 100 வண்டிகளாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது விதி. இதனால்தான் பந்தயத்துக்கென்று பிறந்த இயந்திரம் ஒன்று, இலக்கத்தகடு மாட்டிக்கொண்டு பொதுவீதிக்கும் வரும் விசித்திரம் நிகழ்ந்தது. 1949இல் 350 சி.சி. கோல்ட் ஸ்டார் அப்பந்தயத்தை வென்றது. 1956இல் வெளிவந்த டி.பி.டி.34 என்ற 500 சி.சி. வகையே அதன் உச்சம். மணிக்கு 110 மைல் ஓடக்கூடியது. பந்தயக் கியர் பெட்டி பொருத்தியிருந்தால் முதல் கியரிலேயே சுமார் 60 மைல் வேகத்தைத் தொட்டுவிடும். மான் தீவின் நீண்ட வீதிகளுக்கு அது சரி. தேயிலை மலையின் கொண்டையூசி வளைவில் அந்த வண்டியோடு நின்று புறப்படுவது எத்தகைய வேதனை என்பதை ஓட்டியவர்களே அறிவர். மக்னெற்றோ தயாரிப்பை லூக்காஸ் கம்பெனி நிறுத்தியதும், 1963இல் கோல்ட் ஸ்டாரின் கதையும் முடிந்தது.

இன்னொரு சிக்கல் காற்று. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. களுத்துறைக் கரையோரத்துக் கட்டுக்குருந்தை விமான ஓடுபாதைப் பந்தயத்தில் பறந்த வண்டி, அதே காபரேட்டரோடு மலையேறினால் பெற்றோல் மிகுந்து மூச்சுத் திணறும். உள்ளேயிருக்கும் பித்தளை 'ஜெட்'டைக் கழற்றிச் சிறிய துளையுள்ளதைப் பொருத்தவேண்டும். எந்த அளவு என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

ஹட்டன் தோட்டத்தில் அந்தக் காது, இஸ்டோரில் எஞ்சின் பார்த்த பிட்டருக்கு இருந்தது. இதைக் கணக்கப்பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். வெள்ளைக்காரத் துரை ரேசுக்குப் போகுமுன் இரண்டு நாள் அவர் வேறு வேலை பார்க்கமாட்டாராம். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாக, துரை வண்டியை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அடுத்துவந்த துரைக்கும் பிட்டரே அதை ஓடவைத்தார். பிறகு பிட்டரும் கப்பலேறினார். அவருடையது தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் கப்பல்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது, அவருடைய குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது.

"அந்த ஆளு போனதுக்கப்புறம் அதோட நாடி யாருக்கும் புடிபடலீங்க ஐயா. ரெண்டு வருசம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

அந்த வண்டியைப் பற்றி ஞாயிறு பதிப்புக்கு நானும் ஒரு கட்டுரை எழுதினேன். வெள்ளைக்காரத் துரை வந்தார், புரூக்லண்ட்ஸ் வந்தது, வேகங்களெல்லாம் தசமத்தோடு வந்தன. பிட்டர் வரவில்லை. ஆசிரியபீடத்தில் எவரும் வெட்டவில்லை, நானே எழுதவில்லை. பந்தயக் கட்டுரைக்கு அது பொருந்தாது என்று அந்த வயதில் தோன்றியது. அவருடைய பெயரைக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் குறித்துக்கொள்ளவில்லை.

பத்தாண்டுகள் கழித்து அத்தோட்டத்துக்கு மறுபடி போனேன். வண்டி கொழும்புக்கு விலைபோய்விட்டிருந்தது. கணக்கப்பிள்ளையும் காலமாகியிருந்தார். வாங்கியவரின் கையிலுள்ள பதிவுப் புத்தகத்தில் துரைமார் இருவரின் பெயரும் இருக்கும்.

தாயகம் திரும்பியோர் பலர் குடியேறிய நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் ஒருமுறை போனபோது விசாரித்தேன். "ஹட்டன் பிட்டரா? எந்தத் தோட்டம், பேர் என்ன?" என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னேன்.