திறந்த வெளியில் உறங்குவது குற்றமா?



கடைவீதி ஐந்தடிகளில் அட்டை விரித்து உறங்குவோரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவர்களை நகர நிர்வாகம் தண்டிக்கலாமா? இக்கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

1815இல் நெப்போலியப் போர்கள் முடிவுற்றன. பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட படைவீரர் பலர் வேலையும் வீடுமின்றி இங்கிலாந்தின் நகரங்களில் அலைந்தனர். நாடாளுமன்றம் 1824இல் அலைந்து திரிவோர் சட்டத்தை இயற்றியது. கண்ணுக்குப் புலப்படும் பிழைப்பு வழியின்றி, தம்மைப் பற்றித் தக்க விளக்கமும் தர இயலாமல், ஆளற்ற கட்டடத்திலோ வண்டியிலோ திறந்த வெளியிலோ தங்குபவர் அச்சட்டப்படி குற்றவாளி. மூன்று மாதம் வரை கடுங்காவல் தண்டனை கிட்டியது.

1933இல், வெளியில் உறங்கியதற்காகச் சிறையிடப்பட்ட முன்னாள் படைவீரர் ஒருவர் பர்மிங்காம் சிறையில் உயிரிழந்தார். மக்களிடையே எழுந்த கண்டனத்தைத் தொடர்ந்து 1935இல் சட்டம் திருத்தப்பட்டது. இலவசத் தங்குமிடம் காட்டப்பட்டும் செல்லாதவர், தொடர்ந்து வெளியிலேயே தங்குபவர் போன்றோரை மட்டுமே இனித் தண்டிக்கலாம் என்றானது. "நீ ஏன் இங்கே படுத்தாய்?" என்று மட்டும் கேட்டு வந்த சட்டம், "இவருக்குப் போக்கிடம் காட்டினீர்களா?" என்று அதிகாரிகளையும் கேட்கத் தொடங்கியது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் அரசு 1824ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கப் போவதாக அறிவித்தது.

அப்பழைய சட்டத்தின் சாயல் மலேசியாவின் 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்திலும் தெரிகிறது. "கண்ணுக்குப் புலப்படும் பிழைப்பு வழி" என்ற அதே அளவுகோல் இதிலும் உண்டு. அத்தகையோரை மூன்றாண்டு வரை சமூகநல இல்லத்தில் தங்க வைக்க நீதிமன்றம் ஆணையிட இச்சட்டம் வழிவகுத்தது. இதற்குத் தண்டனை என்று பெயரில்லை. ஆனால் அனுமதியின்றி வெளியேறினால் சிறை உண்டு. 2014 ஜூலையில், கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இலவச உணவு வழங்குவதற்குத் தடை வரும் என்று அமைச்சர் அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது.

நகரத் தூய்மையும் கடைக்காரரின் பிழைப்பும் பொருட்படுத்தத் தக்கவையே. ஆயினும் படுக்க இடமில்லாதவருக்கு அபராதம் விதித்தால், அவர் அதை எதைக் கொண்டு செலுத்துவார்? சிறைக்கு அனுப்பினால், விடுதலையான அன்றிரவு எங்கே உறங்குவார்? முதலில் தங்குமிடம், அதன் பின்னரே சட்டம் என்ற 1935இன் பாடமே நியாயமானது.

நன்னெறிக் கல்வியில் இரக்கத்தைப் போதிக்கிறோம். இவ்வரலாற்றையும் பிள்ளைகளிடம் பேசுங்கள். ஐந்தடியில் உறங்குபவரை அவர்கள் அச்சத்தோடோ அருவருப்போடோ பார்க்காமல், அவருக்கு ஏன் இடமில்லை என்று கேட்கப் பழகட்டும்.