கடல் சுடுகிறது: அம்பாறைக் கரையோரம் அறிந்திருக்க வேண்டியவை

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நீளும் கரையில் முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே கடலை நம்பித் தொழில் செய்கிறார்கள். போர்க்காலத்தில் வலை கரையிலேயே கிடந்ததற்கான காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: தடை, நேரக் கட்டுப்பாடு, அச்சம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதையும் கண்ணால் கண்டோம். கடல் நீர் சூடாவதை அப்படிக் காண முடியாது. அதன் விளைவு வலையில்தான் தெரியவரும்.

எவ்வளவு சூடாகியிருக்கிறது?

புவி வெப்பமடைவதால் சேரும் மேலதிக வெப்பத்தில் சுமார் 90 வீதத்தைக் கடலே உறிஞ்சுகிறது. இந்தியப் புவி அறிவியல் அமைச்சு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் 1 பாகை செல்சியஸ் சூடாகியது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு சுமார் 0.7 பாகை. குளிப்பவருக்கு 1 பாகை தெரியாது. முருகைக் கற்பாறைகளுக்கோ, வழமையான கோடை உச்சத்தைவிட 1 பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே வெளிறத் தொடங்கிவிடும்.

கடல் வெப்ப அலை என்றால் என்ன?

ஓரிடத்தின் 30 ஆண்டுப் பதிவுகளை எடுத்து, அந்தப் பருவத்துக்குரிய மிக வெப்பமான 10 வீத நிலையைக் கணக்கிடுவார்கள். நீரின் வெப்பம் அந்த அளவைத் தாண்டிக் குறைந்தது 5 நாட்கள் தொடர்ந்தால் அது கடல் வெப்ப அலை. சில வேளை மாதக்கணக்கிலும் நீடிக்கும். 1982 முதல் 2018 வரையான தரவுகளை ஆராய்ந்த இந்திய ஆய்வாளர்கள், மேற்கு இந்து சமுத்திரத்தில் பத்தாண்டுக்கு 1.5 என்ற அளவிலும், வடக்கு வங்காள விரிகுடாவில் 0.5 என்ற அளவிலும் இவை அதிகரித்து வந்ததைக் கண்டார்கள்.

அலாஸ்காவில் நடந்தது

குளிர்க்கடலும் தப்பவில்லை. 2014 முதல் 2016 வரை அலாஸ்கா வளைகுடாவைப் பெரும் வெப்ப அலை பிடித்தது. சூடான நீரில் கொட் மீனுக்குக் கூடுதல் இரை தேவைப்பட்டது. ஆனால் இரையோ குறைந்துபோனது. 2017 கணிப்பில் அந்த மீன்வளம் 2015ஐவிடச் சுமார் 70 வீதம் சரிந்திருந்தது. 2020இல் அங்கே கொட் பிடிப்பதையே நிறுத்தினார்கள். அடுத்து பேரிங் கடலில் பனி நண்டு வீழ்ச்சியடைந்து, 2022இல் அந்தத் தொழிலும் மூடப்பட்டது. இரண்டையும் அமெரிக்க அரசு மீன்பிடிப் பேரிடராக ஏற்றுக்கொண்டது. அதற்குக் கைகொடுத்தவை ஆண்டுதோறும் எழுதி வைத்த பதிவுகள்.

எமது பக்கம்

1998இல் எல் நினோ ஆண்டின் வெப்பத்தால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் முருகைக் கற்பாறைகள் பெருமளவில் இறந்தன. திருகோணமலைப் பக்கம் அப்போது பெரும்பாலும் தப்பியது. 2020 மே மாத வெப்ப அலைக்குப் பின்னர், எமக்கு எதிர்க்கரையான மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் 85 வீதமான முருகைகள் வெளிறியிருந்தன. அதே மாதம் வங்காள விரிகுடாவில் மிகச் சூடான நீருக்கு மேல் அம்பன் புயல் ஒரு நாளுக்குள் அதிதீவிரமடைந்தது. 1978 நவம்பர் 23 சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் கிழக்கு மக்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆயத்தப்படக் கிடைக்கும் நேரம் குறைகிறது.

மீன் குறைவதற்கும் வழி இருக்கிறது. சூடான நீர் இலேசானது. அது மேலே படிந்து நின்றால் அடியிலுள்ள சத்து மேலே கலப்பதில்லை. நுண்தாவரங்கள் குறையும், அவற்றை உண்ணும் சிறுமீன்கள் இடம் மாறும். பலநாட்கலங்கள் எரிபொருளைச் செலவழித்தாவது மீனைத் தேடிப் போகலாம். கரைவலை அதற்குரிய பாட்டை விட்டு நகர முடியாது. அதை இழுத்துக் கூலி பெறுபவர்தான் முதலில் அடிபடுவார்.

எல்லாவற்றுக்கும் இதுவா காரணம்?

இல்லை. ஒலுவில் கரை அரிக்கப்பட்டதற்குத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் மணல் ஓட்டத்தை மறித்ததே முக்கிய காரணமாகச் சொல்லப்படுகிறது. தடைசெய்யப்பட்ட வலைகளும் அளவுக்கு மீறிய பிடிப்பும் தனிப் பிரச்சினைகள். எல்லாப் பழியையும் காலநிலைமீது போட்டால் பொறுப்புக் கூற வேண்டியவர்கள் தப்பிவிடுவார்கள். வெப்பத்தைக் கணக்கிலேயே எடுக்காவிட்டால், நட்டஈடு கேட்கும் நாளில் தொழிலாளியின் கையில் ஆதாரம் இருக்காது.

இப்போதே செய்யக்கூடியவை

ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்து சமுத்திரத்துக்கான கடல் வெப்ப அலை அறிவிப்புகளை வெளியிடுகிறது. அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் முருகைக் கற்பாறை வெப்ப வரைபடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தமிழில் கரைக்குக் கொண்டுவருவது கடற்றொழில் திணைக்களத்துக்கும் நாரா நிறுவனத்துக்கும் இயலாத காரியமல்ல. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உதவலாம்.

கடற்றொழிலாளர் சங்கங்கள் ஒரு கொப்பியில் தொடங்கலாம்: திகதி, வலை போட்ட இடம், காற்று, நீரின் சூடு, பிடிபட்ட மீன் வகை, நிறை. ஒரு சாதாரண வெப்பமானி போதும். மருதமுனையில் எழுதுவதும் திருக்கோவிலில் எழுதுவதும் ஒரே முறையில் இருந்தால், சில ஆண்டுகளில் அது இந்தக் கரையின் சொந்தச் சாட்சியாகும்.