குப்பையில் எழுந்த பட்டணம்

மயிலாப்பூரில் இடிபடாமல் தப்பித்து நிற்கும் பழைய வீடு ஏதாவது ஒன்றுக்குள் போக நேர்ந்தால், நேயர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்க்க வேண்டும். தேக்கு மரக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய கூரை. அதற்கும் மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உடைந்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து கொட்டிக் கெட்டித்திருப்பார்கள். 'மெட்ராஸ் டெரஸ்' என்று நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட கூரை அது. நொறுங்கிப்போன செங்கல்லைக்கூட அந்தக் காலத்துக் கொத்தனார் தூக்கி எறியவில்லை. பெரிய துண்டு ஜல்லியாயிற்று. இடித்த தூள் சுர்க்கி என்ற பெயரில் சாந்தில் சேர்ந்தது.

சுவரின் கதை இன்னும் வேடிக்கையானது. கடலும் கழியும் கரையில் ஒதுக்கித் தள்ளிய கிளிஞ்சலைப் பொறுக்கிச் சுட்டு நீற்றினால் வருவதுதான் அந்த நாளைய உயர்ந்த சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக் கருவும் தயிரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அந்தத் தூண்களைப் பார்த்துச் சலவைக்கல்லோ என்று மயங்கினார்களாம். இவ்வளவையும் சுவருக்கு ஊட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் என்ன சாப்பிட்டார்களோ, தெரியவில்லை!

குப்பையைக் கொண்டு கட்டுவது ஏதோ நேற்று வந்த விஞ்ஞான விநோதம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பழங்கதையைச் சொல்கிறேன். பட்டணத்தின் பாதி அப்படித்தான் எழுந்தது. பிறகு சிமெண்ட் வந்தது. கிளிஞ்சலை எல்லோரும் மறந்தார்கள்.

அடுத்தாற்போல் பிளாஸ்டிக் வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் அதற்கும் மரியாதை இருந்தது. உடைந்த குடத்தைக் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் காய்கறிக்கடைப் பையை யார் எடுப்பார்கள்? அதற்கு எடையே இல்லையே! எடை இல்லாததற்கு விலை இல்லை. விலை இல்லாததைப் பொறுக்க ஆள் இல்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாங்கிய பைகளெல்லாம் பெருங்குடிக்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல் மலையாகக் குவிந்தன.

இந்தப் பைக்கு ஒரு வழி கண்டவர் மதுரைக்காரர். தியாகராசர் பொறியியற் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ரா. வாசுதேவன். தாரும் பெட்ரோலியத்திலிருந்து வருவது, பாலிதீனும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பங்காளிகள் ஒட்டாமலா போவார்கள்? பையைச் சிறு துணுக்குகளாக வெட்டி, சுமார் 170 டிகிரி சூட்டில் வறுபடும் கருங்கல் ஜல்லியின் மேல் தூவினார். பிளாஸ்டிக் எரியவில்லை; இளகி, அரை நிமிஷத்தில் கல்லின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்தது. அப்புறம் தாரை ஊற்றினால் கல்லும் தாரும் இறுகக் கட்டிக்கொள்கின்றன. இடையே மழைநீர் நுழைய இடமில்லை. தாரிலும் பத்தில் ஒரு பங்கு மிச்சம்.

2002ஆம் ஆண்டில், தியாகராய நகருக்கு வடக்கே நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெருவை இந்த முறையில் போட்டார்கள். தேசத்திலேயே முதன்முதல் போட்ட பிளாஸ்டிக் சாலைகளில் அது ஒன்று. சில வருஷங்கள் கழித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய சாலைகளைச் சோதித்து, குழி விழவில்லை என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தது. குழி விழாத சாலை என்றால் சென்னைவாசிக்கு அது புராணக் கதைதான். இருந்தாலும் அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. வாசுதேவன் அதோடு நிற்கவில்லை. கல்லும் பிளாஸ்டிக்கும் சேர்த்து, தரைக்குப் பதிக்கத் தகுந்த 'பிளாஸ்டோன்' பலகையையும் செய்தார். ஒரு பலகைக்குள் ஏறத்தாழ முந்நூறு பைகள் அடங்கிவிடும். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இத்தனை இருந்தும் பெருங்குடி மலை ஏன் கரையவில்லை? ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் வேண்டும். அதாவது பத்து லட்சம் பைகள். அவை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். பி.வி.சி. துண்டு கலந்தால் சூட்டில் நச்சு ஆவி கிளம்பும். பேராசிரியர் கண்டுபிடித்தது கல்லோடு பையை ஒட்டும் வித்தையை. சாம்பாரிலிருந்து பையைப் பிரிக்கும் வித்தையை எந்தக் கல்லூரியிலும் கண்டுபிடிக்க முடியாது. அது நம் அடுக்களையில் நடக்க வேண்டிய காரியம். 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா தெருவுக்குத் தெரு மூன்று சக்கர வண்டியை அனுப்பியபோதே இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தது. நாம் வண்டியை ஏற்றுக்கொண்டோம், பாடத்தை விட்டுவிட்டோம். அண்மை ஆண்டுகளில் பெருங்குடி மேட்டைத் தோண்டிச் சலித்தபோது கிடைத்த அழுக்குப் பிளாஸ்டிக் சாலைக்கு உதவவில்லை. சிமெண்ட் ஆலைகளின் உலைக்கு எரிபொருளாகப் போயிற்று.

மயிலாப்பூர் மாமிகள் சிலர் மட்டும் விதிவிலக்கு. பால் கவரைக் கழுவி, கொடியில் உலர்த்தி, அடுக்கி வைத்து, பழைய பேப்பர்காரரிடம் தராசைச் சரிபார்த்துப் போடுவார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் விடமாட்டார்கள்.